150-ஆ, 165-ஆ, 180-ஆ?

மக்களே, ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு இது. தங்கமணி ரெண்டு தடவை படிச்சுட்டு "இதையெல்லாம் எழுதணுமா?"ன்னு கேட்டாச்சு. எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஜீவகாருண்ய நண்பர்கள் இந்தப் பத்தியோட ஜூட் விட்டுக்கலாம், கோச்சுக்க மாட்டேன். ஏன்னா இது மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கி, அதுக்கு எந்த எடையில குண்டு போடறதுன்னு தெரியாம ஒரு பொட்டி தட்டறவன் ரெண்டு மாசம் முழிச்ச கதை.

நான் இருக்கறது விஸ்கான்சின். இங்க நவம்பர் மாசம் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு ஒன்பது நாள் மான் வேட்டை சீசன். நம்மூர்ல பொங்கலுக்கு ஆபீஸ் காலியாகற மாதிரி அந்த வாரம் இங்க பாதி க்யூபிக்கல் காலி. மேனேஜர்கிட்ட லீவ் கேக்கவே வேணாம், அவரே மரத்து மேல உக்காந்திருப்பார் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

என் டீம்ல ஒருத்தர் இருக்கார். வயசு அறுபதுக்குப் பக்கம், பழைய டேட்டாபேஸ் ஆசாமி. இங்க அவருக்கு 'பெருசு'ன்னே பேர் வெச்சுடறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் "வெறும் கையோட வா, சும்மா பாரு"ன்னு கூட்டிட்டுப் போனார். ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டு, ஆரஞ்சு தொப்பி மாட்டிக்கிட்டு (இடுப்புக்கு மேல பாதிக்குக் குறையாம அந்தப் பளீர் கலர் இருக்கணும், சட்டம்) விடிகாலை இருட்டுல போய் உக்காந்தோம். குளிர்ல கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. எட்டு மணி வாக்குல ஒரு பெட்டை மான் வந்துச்சு. பெருசு சுட்டார். மான் முதுகை வளைச்சு ஒரு துள்ளு துள்ளிட்டு ஓடிப்போச்சு.

போய்ப் பாத்தா பனியில ரத்தம் கம்மியா இருந்தது. அதுகூட பச்சையும் பழுப்புமா என்னவோ கலந்திருந்தது. பெருசு முகம் தொங்கிப்போச்சு. குண்டு நெஞ்சுல படாம வயித்துல பட்டிருக்குன்னு அர்த்தமாம். அந்த மாதிரி அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது, பல மணி நேரம் விட்டுத்தான் போகணும். ஆனா பனி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு, விட்டா தடம் மூடிடும். அதனால போனோம். அஞ்சு மணி நேரம். கடைசியில ஒரு சதுப்பு நிலத்துக் கோரைக்குள்ள தடம் போய் நின்னுடுச்சு. மான் கிடைக்கல.

ராத்திரி கேபின்ல சீட்டுக்கச்சேரி. அங்க இருந்த நாலு பேரும் மானைப் பத்திப் பேசல, குண்டைப் பத்திப் பேசினாங்க. "150 கிரெயின் ரொம்ப லேசு, 180 போட்டிருந்தா அங்கயே விழுந்திருக்கும்"ன்னார் ஒருத்தர். "எங்கப்பா காலத்துல இருந்து 180 தான்"னார் இன்னொருத்தர். பெருசு ஒண்ணும் பேசல, பீரைப் பாத்துட்டே உக்காந்திருந்தார். நான் மனசுக்குள்ள குறிச்சு வெச்சுக்கிட்டேன்: 150 கெட்டது, 180 நல்லது.

கொசுவத்தி முடிஞ்சது.

அடுத்த வருஷம் நானே போகறதுன்னு முடிவு பண்ணேன். இங்க 1973 ஜனவரி 1-லயோ அதுக்கப்புறமோ பொறந்தவங்க வேட்டைக் கல்வி வகுப்பு முடிச்சிருந்தாத்தான் லைசென்ஸ். போனேன். பக்கத்து சீட்ல பன்னெண்டு வயசுப் பையன், அவன் பரீட்சையில என்னை விட அதிக மார்க். அவ்வ்வ்வ்.

எச்1பி நண்பர்களுக்கு ஒரு முக்கியத் தகவல். அமெரிக்க மத்திய சட்டப்படி நம்மள மாதிரி தற்காலிக விசாக்காரங்க பொதுவா துப்பாக்கி வெச்சுக்கவே கூடாது. அதுக்கு இருக்கற சில விதிவிலக்குல ஒண்ணு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ். அதைக் காட்டி, ஐ-94 நம்பரை ஃபாரத்துல எழுதி, பின்னணிச் சோதனை முடிஞ்சாத்தான் கடையில கொடுப்பாங்க. விஸ்கான்சின் லைசென்ஸ் மார்ச் 31-ல காலாவதி. அதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வீட்ல இருந்தா நாமதான் குற்றவாளி. என் காலண்டர்ல எச்1பி ரினியூவலுக்கு அடுத்தபடியா மூணு அலாரம் வெச்சிருக்கறது இதுக்குத்தான்.

துப்பாக்கி விஷயத்துல நான் பட்ஜெட் பத்மநாபன். சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட்னு இந்த விலையில நாலஞ்சு இருக்கு. எல்லாமே பிளாஸ்டிக் கட்டை, ஒல்லிக் குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டான்னு கையால தள்ளி இழுக்கற ரகம். அதுல ஒண்ணு வாங்கினேன், ஸ்கோப்போட சேத்து ஐந்நூறு டாலருக்குள்ள. எதுன்னு சொல்ல மாட்டேன், பின்னூட்டத்துல பிராண்ட் சண்டை வரும். ரகம் .308 வின்செஸ்டர், 1952-ல வந்தது. நம்ம ராணுவத்துல ரொம்ப வருஷம் இருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியோட 7.62 தோட்டாவும் இதுவும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

சரி, இப்பதான் மெயின் பிக்சர்.

தோட்டாப் பெட்டி வாங்கப் போனா அலமாரி முழுக்க நம்பர். 150, 165, 168, 180. எல்லாம் .308 தான், எல்லாம் என் துப்பாக்கியில போகும். இந்த நம்பர் என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நான் ரொம்ப நாள் அது உள்ள இருக்கற மருந்தோட அளவுன்னு நெனச்சிட்டு இருந்தேன். இல்ல. அது முனையில இருக்கற குண்டோட எடை. அளவு கிரெயின், அதாவது தானிய மணி. ஒரு கிரெயின் 0.0648 கிராம், 7,000 கிரெயின் சேந்தா ஒரு பவுண்டு. நம்மூர்ல பத்தர்கள் குன்றிமணியால தங்கத்தை நிறுத்தாங்களே, அதே சங்கதி. சவரன் கணக்குல சொன்னா சட்டுனு புரியும்: 150 கிரெயின் ஒண்ணேகால் சவரனுக்குக் கொஞ்சம் கம்மி, 180 கிரெயின் ஒன்றரை சவரனுக்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல இருக்கறது ரெண்டு கிராம்கூட இல்ல. இதுக்குத்தான் கேபின்ல அவ்வளவு சண்டை!

ஆணி புடுங்கற நேரத்துல எக்செல் ஷீட் ஒண்ணு திறந்தேன். பெட்டி மேல போட்டிருக்கற வேகம் சுமாரா இப்படி இருக்கும்: 150 கிரெயின் நொடிக்கு 2,820 அடி, 165 கிரெயின் 2,700 அடி, 180 கிரெயின் 2,620 அடி. 2,820 அடின்னா மணிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. இதெல்லாம் 24 இஞ்ச் குழல்ல அளந்தது, என் குழல் 22 இஞ்ச், கொஞ்சம் குறையும். ஆற்றல் கணக்கு போட்டா 150-க்கு சுமார் 2,650 அடி-பவுண்டு, 165-க்கு 2,670, 180-க்கு 2,740. பாத்தீங்களா, ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல. எடை ஏறினா வேகம் இறங்குது, கணக்கு கிட்டத்தட்ட நேராயிடுது.

அப்போ தூரம் போனா? 100 கெஜத்துல (சுமார் 91 மீட்டர்) குறி சரி பண்ணிட்டு 200 கெஜத்துல சுட்டா, 150-க்கும் 180-க்கும் நடுவுல விழற வித்தியாசம் ஒரு இஞ்சுக்கும் குறைவு. மானோட நெஞ்சுல இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் சுமார் எட்டு இஞ்ச் வட்டம், ஒரு சின்ன டிபன் தட்டு சைஸ். அதுல ஒரு இஞ்சு ஒரு விஷயமே இல்ல.

இன்னொரு சங்கதியும் படிச்சேன். குழலுக்குள்ள சுருள் வரி வெட்டியிருப்பாங்க, குண்டு சுத்திக்கிட்டே வெளிய வரணும், இல்லாட்டி பம்பரம் சாயற மாதிரி தலைகுப்புற விழும். என் துப்பாக்கியில 10 இஞ்சுக்கு ஒரு சுத்து. 2,820 அடி வேகத்துல அது நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து! நம்ம பசங்க விட்ற பம்பரம் எல்லாம் பிச்சை வாங்கணும். எவ்வளவு சுத்து வேணும்கறதுக்கு 1879-லயே கிரீன்ஹில்னு ஒரு கணித வாத்தியார் சூத்திரம் போட்டு வெச்சிருக்கார்: 150-ஐ குண்டோட விட்டத்தின் வர்க்கத்தால பெருக்கி, நீளத்தால வகுக்கணும். கவனிங்க, சூத்திரத்துல எடையே இல்ல, நீளம்தான் இருக்கு. நீளமான குண்டுக்கு வேகமான சுத்து. என் குழலுக்கு இந்த மூணு எடையும் தாராளமா ஒத்துக்கும்.

ஆக தாள்ல பாஸ், மூணுமே பாஸ். எதை எடுக்கறது? அந்தச் சதுப்பு நிலம் கண்ணு முன்னாடி வந்துச்சு. 180 தான்னு முடிவு. ஆனாலும் இஞ்சினியர் இல்லையா, சும்மா விட முடியுமா? மூணுலயும் ஒரு பெட்டி வாங்கிக்கிட்டு, செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை சுடுதளத்துக்குக் கிளம்பிட்டேன், தனியா.

மேஜை மேல மணல் மூட்டை, 100 கெஜத்துல காகிதம். ஒவ்வொரு எடையிலயும் மூணு மூணு குண்டு, ரெண்டு தடவை. ஓட்டைகளோட நடுமையங்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்குன்னு அளந்தேன். 150-க்கு ஒன்றரை இஞ்ச், 165-க்கு ஒண்ணே முக்கால், 180-க்கு மூணரை! என்னடா இது, நாம ஆசைப்பட்டது நமக்கு அமையலையேன்னு ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்து அட்டவணை, பார் சார்ட் எல்லாம் போட்டு "எனது துப்பாக்கிக்கு 180 கிரெயின் பிடிக்கவில்லை"ன்னு முடிவுரை எழுதி பெருசுக்கு மெயில் அனுப்பினேன்.

ரெண்டே வரி பதில். "மூணு மூணு குண்டு ஒரு கணக்கே இல்ல. எந்த வரிசையில சுட்ட?"

150, 165, 180. ரெண்டு தடவையும் அதே வரிசை. அப்பதான் உறைச்சது. 180-க்கு வரும்போது ஒல்லிக் குழல் கொதிச்சுப் போயிருக்கும், என் தோளும் அடி வாங்கி வீங்கியிருக்கும். ஆபீஸ்ல எவனாவது இப்படி ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தா நான் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன். நாமளே பண்ணா கண்ணுக்குத் தெரியறதில்ல.

அடுத்த சனிக்கிழமை பெருசும் கூட வந்தார். "நான் தோட்டா போட்டுத் தரேன், நீ சுடு. எதுன்னு பாக்காத"ன்னார். அதாவது பிளைண்ட் டெஸ்ட்! மனுஷன் டேட்டாபேஸ் ஆசாமின்னா சும்மாவா. சரின்னு உக்காந்தேன். முதல் குண்டு, டமார். ரெண்டாவது, டமார். மூணாவது மெதுவா விசையை இழுத்தேன், 'டிக்'. சத்தமே இல்ல. ஆனா குழல் முனை சடார்னு கீழ குனிஞ்சுது. நான் கண்ணை இறுக்க மூடிட்டு இருந்தேன்.

பெருசு நடுவுல டம்மி தோட்டாவைப் போட்டுட்டார்.

"பாத்தியா தம்பி?"ன்னு கேட்டார். பாத்தேன். குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே தோள் அந்த உதையை எதிர்பாத்து முன்னாடி தள்ளுது, கண்ணு மூடுது, கை கீழ அழுத்துது. வெடிக்கற குண்டுல அது தெரியாது, உதையில மறைஞ்சுடும். டம்மியிலதான் தெரியும். லேசான துப்பாக்கி, கெட்டியான பிளாஸ்டிக் கட்டை, கனமான குண்டு: நியூட்டன் மூணாம் விதி நேரா தோள்ல வந்து இறங்கும். கணக்கு போட்டா 150-ஐ விட 180-க்கு உதை பத்து சதவீதத்துக்கு மேல அதிகம். துப்பாக்கிக்கு 180 பிடிக்காம இல்ல, எனக்குத்தான் பிடிக்கல. பக் கோட்ல இல்ல, டெஸ்டர்கிட்ட.

நான் அசடு வழிஞ்சுட்டு இருந்தேன். பெருசு சிரிப்பார்னு பாத்தேன், சிரிக்கல. கொஞ்ச நேரம் காகிதத்தையே பாத்துட்டு இருந்துட்டு சொன்னார்:

"அன்னிக்கு அந்த மான் இருக்கே, அது குண்டு லேசுங்கறதால இல்ல. நான் இப்படித்தான் இழுத்தேன். இழுக்கும்போதே தெரிஞ்சது எனக்கு. ராத்திரி அவங்க எல்லாம் குண்டைக் குறை சொன்னப்ப, எனக்கு வசதியா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்."

நாப்பது வருஷமா வேட்டையாடற மனுஷன். நான் ஒண்ணும் சொல்லல. என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த தோட்டாவை எடுத்துக் கொடுத்தார்.

அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் டம்மியும் நிஜமும் கலந்து கலந்து சுட்டேன். காதுக்கு உள்ள ஒரு அடைப்பான், மேல ஒரு கவசம்னு ரெண்டு போட்டுக்கிட்டேன். உதையை விட சத்தம்தான் பாதி பயமாம். தோளுக்கு ஒரு ரப்பர் பட்டை. அதுக்கப்புறம் மூணு வாரம் வீட்ல தினம் ராத்திரி குழந்தை தூங்கினப்புறம், வீட்ல ஒரு தோட்டாகூட இல்லாதப்ப, சுவத்தைப் பாத்து வெறும் துப்பாக்கியில 'டிக்' 'டிக்'. தங்கமணி "எனக்கு வாய்ச்சது பாருங்க"ன்னு தலையில அடிச்சுப்பா. (தோட்டா எல்லாம் பெருசு வீட்டு பீரோல. துப்பாக்கி எங்க வீட்ல பூட்டின பெட்டியில. இது தங்கமணி போட்ட கண்டிஷன், நியாயமான கண்டிஷன்.)

அக்டோபர்ல மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை வரிசையை மாத்தி மாத்தி, குழல் ஆற விட்டு, அஞ்சு அஞ்சு குண்டு. 150-க்கு ஒண்ணே முக்கால் இஞ்ச், 165-க்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல, 180-க்கு ரெண்டுக்குக் கொஞ்சம் கீழ. மறுபடி சுட்டா இந்த வரிசை மாறினாலும் மாறும். எட்டு இஞ்ச் தட்டுக்கு மூணுமே போதும். ஐந்நூறு டாலர் துப்பாக்கி என்னை விட நல்லாவே சுடுது.

சரி 165 எடுத்துக்கலாம், நடுவுல இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தப்ப தங்கமணி ஒரு கேள்வி கேட்டா. நான் ரெண்டு மாசமா கேக்காத கேள்வி.

"குண்டு எதுல செய்யறாங்க?"

"உள்ள ஈயம், மேல செம்புத் தகடு."

"அது மானுக்குள்ள போனா?"

"விரியும். கொஞ்சம் உடையும்."

"உடைஞ்ச ஈயத்தை நம்ம பாப்பா சாப்பிடணுமா?"

அவ்வளவுதான். எக்செல் ஷீட்ல அந்தக் காலமே இல்ல. வேகம் இருக்கு, ஆற்றல் இருக்கு, விலை இருக்கு, பாப்பா இல்ல.

தேடிப் படிச்சேன். 2008-ல வடக்கு டகோட்டா மாநிலத்துல, வேட்டைக்காரங்க ஏழைகளுக்குன்னு தானம் கொடுத்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருக்காங்க. கண்ணுக்கே தெரியாத பொடிப் பொடி ஈயத் துணுக்குகள். அந்தக் கறியைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. அப்புறம் நடந்த ஆய்வுக்குப் பின்னாடி, கர்ப்பிணிகளும் ஆறு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைகளும் ஈயக் குண்டுல அடிச்ச கறி சாப்பிட வேணாம்னு அறிவுரை. எங்க பாப்பாவுக்கு அப்போ ரெண்டரை வயசு. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1-ல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னு சட்டம். அங்க பிணம் தின்னும் காண்டர் கழுகுகள் ஈயத்தால செத்துட்டு இருந்ததும் ஒரு பெரிய காரணம். விஸ்கான்சின்ல மானுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அவங்கவங்க இஷ்டம்.

மாற்று, முழுக்கச் செம்புல செஞ்ச குண்டு. 1980-களின் கடைசியில இருந்து கடைகள்ல கிடைக்குது. முனையில ஒரு குழி, மான் மேல பட்டதும் அந்தக் குழி நாலா பக்கமும் பூ மாதிரி விரியும், உடையாது. போன எடை கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சும். குண்டு எப்படிக் கட்டியிருக்குங்கறது எடையை விட முக்கியம்கறது புதுசு இல்ல. 1946-ல ஜான் நாஸ்லர்னு ஒருத்தர் கனடாவுல ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டிருக்கார். அது உடம்பு பூரா காஞ்ச சேறு. குண்டு உள்ள போகாம மேலயே சிதறிடுச்சு. அந்தக் கடுப்புல நடுவுல தடுப்புச் சுவர் வெச்ச குண்டு ஒண்ணை அவரே செஞ்சு, அதையே தொழிலாக்கிட்டார்.

இப்போ எடைக் கணக்கு மொத்தமா மாறுது. செம்பு ஈயத்தை விட லேசு (அடர்த்தி 8.96-க்கு 11.34). அதனால அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமா இருக்கும். நீளமா இருந்தா? கிரீன்ஹில் வாத்தியார் ஞாபகம் இருக்கா? சுத்து அதிகம் வேணும், தோட்டாவுக்குள்ள மருந்து இருக்கற இடத்தையும் அடைக்கும். தவிர செம்பு கெட்டி, நல்லா விரிய வேகம் வேணும். எடை போகற வழியில உதிராதுங்கறதால, ஆரம்பத்துலயே கனமா இருக்கணும்னு அவசியமும் இல்ல. ஆகச் செம்புல லேசான எடைதான் நல்லது. அப்போ எது? 150!

எதை வேணவே வேணாம்னு ஒதுக்கினேனோ அதுக்கே வந்து சேந்தேன். ரெண்டு மாசம், நூத்துக்கு மேல குண்டு, வீங்கின தோள், ஒரு எக்செல் ஷீட். பெட்டி விலை சாதா தோட்டாவை விட ரெண்டு மடங்குக்குப் பக்கம். பட்ஜெட் பத்மநாபனுக்கு வலிச்சுது, ஆனா சீசனுக்கு மொத்தமே ரெண்டு பெட்டி போதும். ஒண்ணு குறி சரி பண்ண, ஒண்ணு காட்டுக்கு. பழகறதுக்கு அதே எடையில மலிவான ஈயக் குண்டு. காகிதத்துக்கு ஈயம் ஒண்ணும் பண்ணாது.

சீசன் வந்தது. முதல் நாள் காலையில பெரிய கொம்போட ஒரு ஆண் மான், ரொம்ப தூரத்துல, வயல் அந்தப் பக்கம். 200 கெஜம் தாண்டி இருக்கும். குண்டு போகும், அதுல சந்தேகமே இல்ல, எக்செல்ல இருக்கு. ஆனா மேஜையும் மணல் மூட்டையும் இல்லாம, குளிர்ல நடுங்கற கையோட எனக்குக் குறி எத்தனை தூரத்துக்கு நிக்கும்னு அக்டோபர்ல அளந்து வெச்சிருந்தேன். 120 கெஜம். அதுக்கு மேல என் குண்டுகள் தட்டை விட்டு வெளிய போயிட்டு இருந்தது. துப்பாக்கியை மடியிலயே வெச்சுக்கிட்டேன். அது நிதானமா நடந்து மரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு. கேபின்ல சொன்னப்ப ரெண்டு பேர் சிரிச்சாங்க. பெருசு என் தட்டுல இன்னொரு துண்டு பை வெச்சார்.

மூணாம் நாள் சாயங்காலம் ஒரு பெட்டை மான். எழுபது எண்பது கெஜம். பக்கவாட்டுல நின்னுட்டு இருந்தது. மூச்சை விட்டுட்டு, சுவத்தைப் பாத்து 'டிக்' பண்ற மாதிரியே மெதுவா இழுத்தேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துதான் வெச்சிருந்தேன்னு உறுதியாச் சொல்வேன், ஏன்னா அது ஒரு துள்ளு துள்ளி ஓடினதை முழுசாப் பாத்தேன். மனசுக்குள்ள அந்தச் சதுப்பு நிலம் வந்து போச்சு. அரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்தேன், அவ்வளவு நீளமான அரை மணி நேரம் என் வாழ்க்கையில இல்ல. எழுந்து போனா நாப்பது அடி தூரத்துலயே படுத்திருந்தது. நெஞ்சுல.

சந்தோஷமான்னு கேட்டா, அந்த இடத்துல இல்ல. பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தேன். உடம்பு இன்னும் சூடா இருந்துச்சு. பெருசு வந்து தோள்ல கை வெச்சார். வீங்கின அதே தோள் :-)

குண்டைத் தேடினோம். இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய போயிருந்தது. 150 கிரெயின்ல எத்தனை மிச்சம்னு நிறுத்துப் பாக்க எனக்கு அவ்வளவு ஆசை, வீட்ல சின்னத் தராசுகூட வாங்கி வெச்சிருந்தேன். கிடைக்கல. எங்கயோ மண்ணுக்குள்ள இருக்கு.

கறியை உடனே சமைக்கல. 2002-ல இருந்து இந்த மாநிலத்து மான்கள்ல ஒரு மூளை நோய் இருக்கறதால சாம்பிள் கொடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரீசர். சரியா இருக்குன்னு வந்தப்புறம் தங்கமணி மிளகு தூக்கலாப் போட்டு, சின்ன வெங்காயம் கிடைக்காம ஷாலட் போட்டு வறுத்தா. ஆட்டுக்கறி மாதிரி கொழுப்பு இல்ல, கொஞ்சம் அசந்தா ரப்பர். பாப்பா ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு மூணாவது கேட்டா.

தராசு இன்னும் சமையலறையிலதான் இருக்கு. தங்கமணி அதுல காபிப்பொடி நிறுக்கறா.

டிஸ்கி: எச்1பி, துப்பாக்கிச் சட்டம் பத்தி மேல சொன்னது என் அனுபவம் மட்டுமே. நீங்க இறங்கறதா இருந்தா ஒரு வக்கீலைக் கேட்டுட்டு இறங்குங்க. அப்புறம் எந்த எடை நல்லதுன்னு என்னைக் கேக்காதீங்க, முதல்ல ஒரு டம்மி தோட்டா வாங்குங்க.